தேவாலா தங்கக் குழிகளுக்குப் பொறுப்பு யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நீலகிரி மாவட்டம் தேவாலா, பந்தலூர் பக்கம் உரிமம் இல்லாமல் பொன் தோண்டத் தங்கக் குழிக்குள் இறங்கியவர் மூச்சுத் திணறி இறந்தார், மண் சரிந்து புதைந்தார் என்று அவ்வப்போது நான்கு வரிச் செய்தி வருகிறது. மறுநாள் இரண்டு பேர் கைது, கடப்பாரை பறிமுதல் என்று இன்னொரு நான்கு வரி. அதோடு சரி. குழி அங்கேயே வாயைத் திறந்தபடி கிடக்கிறது. அடுத்து விழப்போவது மனிதனா, காட்டு மாடா, யானைக் குட்டியா என்பது மட்டுமே தெரியவில்லை. அந்தக் குழியை எப்படி மூடுவது, யார் மூடுவது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. கூடலூரிலிருந்து மேற்கே, கேரள எல்லையை ஒட்டி, நாடுகாணி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று போகும் இந்த நிலம் 1877 வரை மலபார் மாவட்டத்தின் தென்கிழக்கு வயநாடாக இருந்தது. பாறைக்குள் வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைக்கல் ரேகைகள் ஓடுகின்றன; அந்த ரேகைகளில் தங்கம் இருக்கிறது. ஓடை மணலில் பொன் அரிப்பது வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இருந்த தொழில். 1874-ல் ஆல்ஃபா என்ற கம்பெனி பாறையைக் குடையத் தொடங்கியது. 1879-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்பவரை அரசு வரவழைத்து ஆய்வு செய்யச் சொன்னது. அவர் அறிக்கை வெளிவந்ததும் லண்டன் பங்குச் சந்தைக்குப் பித்துப் பிடித்தது. சுமார் 40 கம்பெனிகள் முளைத்தன. இரண்டு மூன்று ஆண்டுகளில் அத்தனையும் சரிந்தன. டன் கணக்கில் கல்லை இடித்தும் கிடைத்தது சில கிராம்தான். கம்பெனிகள் கப்பலேறிவிட்டன, கிணறு போல் நேராக இறங்கும் குழிகளும், மலையின் வயிற்றைத் துளைத்துப் போகும் சுரங்கங்களும் இங்கே தங்கிவிட்டன. சுரங்கத்தை எப்படி மூடுவோம் என்று முன்கூட்டியே திட்டம் எழுதித் தர வேண்டும் என்ற விதி நம் நாட்டில் வந்தது 2003-ல். அதற்கு 120 ஆண்டுகளுக்கு முன்பே ஓடிப்போனவர்களை அந்த விதி எப்படிப் பிடிக்கும்?

மலைக்காட்டில் சுரங்கம் என்றதும் எல்லோரும் குதிரேமுக் சுரங்கத்தை நினைப்பார்கள். கர்நாடகத்தில் தேசியப் பூங்காவுக்கு நடுவே இரும்புத் தாது எடுத்து, பத்ரா ஆற்றில் வண்டலை நிரப்பிய அந்தச் சுரங்கம் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் 2005 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றது. எப்படி நிறுத்த முடிந்தது? அங்கே குத்தகை ஒன்று, நிறுவனம் ஒன்று, எல்லை ஒன்று. உத்தரவை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வியே எழவில்லை. தேவாலாவில் அந்தக் கேள்விதான் முதல் கேள்வி. குழி தோண்டிய கம்பெனி இல்லை. நிலத்திலோ ஜென்மம் என்னும் பழைய பரம்பரை நில உரிமைப் பிரச்சினை. 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும், அதன் 17-ஆம் பிரிவில் வரும் குத்தகைத் தோட்ட நிலம் வனமா, வருவாயா, எஸ்டேட்டா என்று வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. வனத்துறையைக் கேட்டால் அது எங்கள் எல்லையில் இல்லை என்கிறது. வருவாய்த்துறை எஸ்டேட்டைக் காட்டுகிறது. எஸ்டேட், குத்தகைக்கு வரும்போதே குழி இருந்தது என்கிறது. கனிமவளத்துறைக்கு, உரிமம் கொடுக்காத இடத்தில் வேலை இல்லை. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது போலத்தான்.

பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான சட்டங்களும் இங்கே வந்து சேர்வதில்லை. தேசியப் பூங்கா, சரணாலயத்துக்குள்ளும் அவற்றின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 26-ல் உறுதியாகச் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் முதுமலைக்கோ முக்கூர்த்திக்கோ கோடு போட்டால் தேவாலாக் குழிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கும். நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் என்று 1986-லேயே 5,520 சதுர கிலோமீட்டரை அறிவித்திருக்கிறார்களே என்று கேட்கலாம். நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் அது, பெருமைதான். ஆனால் உயிர்க்கோளக் காப்பகம் என்பதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. வரைபடத்தில் வண்ணம் பூசியிருக்கிறது, அவ்வளவுதான். யானைக்கு அந்த வண்ணமும் தெரியாது, கோடும் தெரியாது. பகலில் சோலையில் நின்றுவிட்டு, இருட்டியதும் தேயிலைத் தோட்டம் வழியாக வயலில் இறங்கி, விடிவதற்குள் அடுத்த காட்டுக்குப் போய்விடும். அது நடக்கும் தடத்தின் ஓரத்திலேயே பல குழிகள் இருக்கின்றன. காரணம் எளிது: ரேகை வெளியே தெரிவது ஓடை அறுத்த சரிவில், யானையும் தண்ணீருக்காக அதே சரிவில்தான் இறங்குகிறது.

பழைய குழிகள் போதாதென்று ரேகையைத் தேடி இப்போதும் புதிதாகத் தோண்டுகிறார்கள். அப்படி ஒரு புதுக்குழி எவ்வளவு நாசம் செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கடிக்கு நான்கடி வாய், முப்பதடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். தோண்டி எடுக்கும் மண்ணும் கல்லும் 480 கன அடி. பொதபொதவென்று மேலே கொட்டும்போது அது 600 கன அடிக்கு மேல் பெருகும். லாரிக்காரர் கணக்கில் 6 யூனிட்டுக்கு மேல். எடையில் 30 டன். இதில் தங்கம் இருக்கும் வெள்ளைக்கல் ரேகை ஓரடி அகலம் இருந்தால் 120 கன அடி. சுமார் 9 டன். டன்னுக்கு 3 கிராம் என்று தாராளமாக வைத்தாலும் 27 கிராம். சுத்தியலால் உடைத்து, இரும்பு உரலில் இடித்து, தட்டில் அரிக்கும் முறையில் பாதி கைக்கு வந்தால் அதுவே அதிகம். ஆக ஒன்றே முக்கால் பவுனுக்குக் குறைவு. அதற்காக 30 டன் மண் சரிவின் விளிம்பில் குவிந்து கிடக்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் முதல் வாரத்திலேயே ஓடையில்.

அந்த மண் ஓடையில் இறங்கினால் என்ன? கலங்கி ஓடித் தெளிந்துவிடும் என்றுதான் நினைப்போம். தண்ணீர் தெளிந்துவிடும், அடிமட்டம் தெளியாது. மலை ஓடையின் உயிர் தண்ணீரில் இருப்பதைவிடச் சரளைக் கல்லின் இடுக்குகளில்தான் அதிகம் இருக்கிறது. பாறையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு பாசி மேயும் சிறு மீன்கள், ஈசல் போன்ற மெல்லிய பூச்சிகளின் புழுக்கள், நண்டுக் குஞ்சுகள் எல்லாம் அந்த இடுக்குகளை நம்பியவை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நடனத் தவளைகளில் ஒன்றின் தலைப்பிரட்டை, சரளைக்கு அடியில் மணலுக்குள் புதைந்து வளர்கிறது என்று 2016-ல் கண்டறிந்தார்கள். இடித்த கல்மாவு சந்தனம் போல் நைசாக இருக்கும். அது இடுக்குகளில் இறங்கி சிமெண்ட் பூசியது போல் அடைத்துக்கொள்கிறது. முட்டைக்குக் காற்று இல்லை. மேலே தண்ணீர் பளிங்கு போல் ஓடிக்கொண்டிருக்கும். கீழே ஒன்றும் இருக்காது. ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: நல்ல ஓடையில் கல்லின் அடிப்பக்கம் ஏதாவது ஊர்ந்து ஓடும்; பொன் அரிக்கும் இடத்துக்குக் கீழே உள்ள கல்லை எடுத்தால் அடியில் சாம்பல் நிறச் சேறுதான் வழியும்.

அடுத்தது பாதரசம். அரித்து மிஞ்சிய கறுப்பு மணலில் தங்கம் கண்ணுக்குத் தெரியாத துகளாக இருக்கும். அதில் பாதரசத்தை ஊற்றிக் கையாலேயே பிசைகிறார்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு வெண்ணெய் போல் திரளும். துணியில் போட்டு முறுக்கினால் அதிகப்படி பாதரசம் முத்து முத்தாகச் சொட்டி, கொண்டைக்கடலை அளவில் ஒரு வெள்ளி உருண்டை நிற்கும். அந்த உருண்டையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். அதை இரும்புக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய், மங்கலான பொன் கட்டி மிஞ்சுகிறது. ஒரு கிராம் பொன்னுக்குக் குறைந்தது ஒரு கிராம் பாதரசம் காற்றில். பிசையும்போது மணலோடு ஓடையில் போவது தனி. அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுச் சமையலறையில் இது நடந்தால் அந்த வீட்டுச் சுவரும் மரச்சட்டமும் பாதரசத்தை உறிஞ்சி, வெயில் ஏற ஏறத் திரும்ப விட்டுக்கொண்டிருக்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, ஈறு வீக்கம், காரணமில்லாத எரிச்சல் என்று வருபவர்களுக்கு நரம்புத் தளர்ச்சி மருந்து எழுதுவதற்கு முன், வீட்டில் யாராவது பொன் சுடுகிறார்களா என்று மருத்துவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆவியைச் சுவாசித்தவருக்குச் சிறுநீரில் பாதரசம் பார்க்க வேண்டும். மீன் வழியாக உடம்பில் ஏறியதற்குத் தலைமுடியில் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு சோதனைகள்.

ஓடையில் போன பாதரசம் சேற்றில் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, புழுவில் ஏறி, புழுவைத் தின்ற மீனில் கூடி, மீனைத் தின்ற நீர்நாயிலும் மனிதனிலும் இன்னும் கூடுகிறது. தேவாலா, நாடுகாணி பக்கத்து ஓடைகள் பாண்டியாறு, புன்னம்புழா வழியாகச் சாலியாற்றில் சேர்ந்து நிலம்பூருக்குப் போகின்றன. நம் மலையில் சிந்துவதைக் கேரளத்து மக்கள் குடிக்கிறார்கள். பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்று உறுதி செய்திருக்கிறது. தங்கச் சுரங்கத்தில் பாதரசத்தைக் குறைப்பதும், முடிந்த இடத்தில் ஒழிப்பதும் அதன் கடமைகளில் ஒன்று. பந்தலூர் வட்டத்து ஓடைச் சேற்றை எடுத்துச் சோதிப்பது பெரிய செலவு அல்ல. அரிக்கும் இடத்துக்கு மேலே ஓர் இடம், கீழே அரை கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர், ஆற்றோடு சேரும் இடம் என்று நான்கு மாதிரிகள். பிளாஸ்டிக் பையில் அல்ல, கண்ணாடி ஜாடியில், ஐஸ் பெட்டியில். மேலே எடுக்கும் மாதிரி இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வீண். இயற்கையாகவே எவ்வளவு இருந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

இதற்கெல்லாம் ஒரே வழி, சட்டப்படி உரிமம் கொடுத்துப் பெரிய கம்பெனியை வரவிடுவதுதான், வேலையும் கிடைக்கும் என்று இங்கே சிலர் பேசுகிறார்கள். வேலையில்லாத வீட்டில் இருந்து அந்தப் பேச்சு வருவது எனக்குப் புரிகிறது. பச்சைத் தேயிலை விலை விழுந்தால் கூலி நாள் குறையும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைக்கு இந்த மலையில் நிலமும் இல்லை. ஆனாலும் இந்த யோசனையை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். டன்னுக்குச் சில கிராம் தரும் கல்லில் கம்பெனிக்கு லாபம் வேண்டும் என்றால் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான டன் இடிக்க வேண்டும். இடித்த மாவைச் சயனைடு கரைசலில் ஊற வைக்க வேண்டும். பிறகு அந்தச் சேற்றைத் தேக்கி வைக்க அணை வேண்டும். கோலார் தங்கவயலில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நம் வட ஆற்காட்டுத் தமிழர்கள்தான். அங்கே 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியாகிவிட்டது; சயனைடு மண் மேடுகள் இன்னும் ஊருக்கு நடுவே நிற்கின்றன. கோலார் வறண்ட பூமி. இங்கே பெய்யும் மழைக்கு அந்த மேடு ஒரு பருவம்கூட நிற்காது. 2024 ஜூலை 30-ல் மலைக்கு அந்தப் பக்கம் முண்டக்கை, சூரல்மலையில் சரிவு எப்படி இறங்கியது என்று பார்த்தோம். அதற்குக் காரணம் தங்கக் குழி என்று சொல்ல வரவில்லை. அதே வகை மண், அதே செங்குத்து, அதே மழை இங்கேயும் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

அரசுக்கு அதிகாரம் இல்லையா? இருக்கிறது. யார் நிலம் என்று தீரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு. பொது வழிக்கோ பொது இடத்துக்கோ பக்கத்தில் உள்ள குளம், கிணறு, தோண்டிய குழி ஆபத்தாக இருந்தால் வேலி போடச் சொல்லி உத்தரவிட மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் அதிகாரம் உண்டு என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. எஸ்டேட் பாதை, பள்ளிக்கூடப் பாதை, கோயில் பாதை ஓரத்துக் குழிகளுக்கு இது போதும். காட்டுக்குள் தள்ளியிருக்கும் குழிகளுக்கு 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆணையத்தின் தலைவரே ஆட்சியர்தான். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தைக்காகத் தமிழ்நாடே நான்கு நாள் தூங்காமல் இருந்தது. அதன்பின் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூட மாவட்டந்தோறும் கணக்கெடுத்தார்கள். அதில் பாதி வேகம் இங்கே காட்டினால்கூடப் போதும்.

மூடுவது என்றால் ஜேசிபி வைத்து மண்ணைத் தள்ளுவது என்று அர்த்தம் இல்லை. அப்படி மூடிய குழிதான் மூடாத குழியைவிட ஆபத்தானது. ஐம்பது அறுபது அடி ஆழக் குழியில் மேலிருந்து மண்ணையும் மரக்கிளையையும் கொட்டினால், பாதி வழியில் கிளையும் கல்லும் குறுக்கே சிக்கிப் பாலம் போல் நின்றுவிடும். மேலே நிரம்பிவிட்டது என்று வேலையை முடித்துப் போவார்கள். கீழே வெற்றிடம். கிளை மக்கிய மூன்றாவது நான்காவது மழையில், புல் முளைத்த தரை அப்படியே உள்ளே போகும். அதன்மேல் அன்றைக்கு யார் நிற்கிறார்களோ அவர்களும். முள்கம்பி வேலியும் உதவாது. யானை ஒரு மிதியில் சாய்த்துவிடும்; சாய்ந்த கம்பியின்மேல் உண்ணிச்செடியும் மைக்கேனியாக் கொடியும் படர்ந்து குழியை முழுக்க மறைத்துவிடும்.

முதல் வேலை கணக்கெடுப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை புதர் காய்ந்திருக்கும்போது செய்தால்தான் குழி கண்ணில் படும். ஒவ்வொன்றுக்கும் எண், இருப்பிடம், வாயின் அளவு, கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பார்த்த ஆழம், தண்ணீர் உண்டா, ஓடை எவ்வளவு தூரம், யானைத் தடம் எவ்வளவு தூரம். அளக்கிறோம் என்று யாரும் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. பழைய குழியில் பிராணவாயு குறைந்து கரியமில வாயு அடியில் தேங்கியிருக்கும். சாதாரணக் காற்றில் 21 சதவீதம் உள்ள பிராணவாயு 19.5-க்குக் கீழே போனாலே இறங்கக் கூடாது என்பது விதி. 10-க்குக் கீழே போனால் ஆள் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். இங்கே இரட்டை மரணங்கள் நடப்பது இப்படித்தான். தண்ணீர் இறைக்க டீசல் மோட்டாரைக் குழிக்குள்ளேயே இறக்கி ஓட்டுவது அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடு சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடு விஷமாக நிற்கும் காற்றிலும் விளக்கு நன்றாகவே எரியும். நான்கு வாயு காட்டும் மீட்டரைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பதே சரி; தீயணைப்புத் துறைக்கு அது தெரியாத கருவி அல்ல.

குழியின் வகையைப் பொறுத்தே மூடும் முறையும். பத்தடிக்கு உட்பட்ட பள்ளங்களைப் பக்கத்தில் குவிந்திருக்கும் அதே மண்ணால் நிரப்பலாம். ஓரடி போட்டு இடித்து, மறுபடி ஓரடி போட்டு இடித்து வர வேண்டும். மேலே ஒரு முழம் மேடாக விட்டால் அடுத்த மழையில் அமுங்கித் தரைமட்டத்துக்கு வந்து நிற்கும். நிரப்ப மண் பற்றாவிட்டால், குறைந்தபட்சம் ஒரு பக்கச் சுவரையாவது வெட்டிச் சரிவாக்கிவிட வேண்டும். விழுந்த விலங்கு தானே ஏறி வந்துவிடும். பாதி மீட்புப் பணி மிச்சம்.

ஆழக் குழிக்குக் கான்கிரீட் மூடிதான். இதில் எல்லோரும் செய்யும் தவறு, குழியின் விளிம்பு மண்ணிலேயே மூடியை உட்கார வைப்பது. செம்மண் விளிம்பு மழைக்கு மழை கரைந்து அகலும். ஒருநாள் மூடியே உள்ளே போகும். விளிம்பு மண்ணைக் கெட்டிப் பாறை தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, பாறையின்மேல் மூடி உட்கார வேண்டும். நான்கடி வாய்க்கு எட்டடி மூடி, அதாவது நாலு பக்கமும் இரண்டடி பாறையில் ஏறி நிற்க வேண்டும். வீட்டுக் கூரையின் ஐந்தங்குலம் இங்கே ஆகாது. வளர்ந்த கொம்பன் யானை நான்கு ஐந்து டன். நடக்கும்போது ஒரு கால்மீது ஒன்றரை இரண்டு டன் இறங்கும். ஓரடிக் கனத்துக்குக் குறையாமல், இரண்டு அடுக்குக் கம்பியோடு, பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்த அளவில் போட வேண்டும். உள்ளே வாயு சேராமலிருக்க நான்கங்குலக் குழாய் ஒன்றை வளைத்து வெளியே விட்டு வலை கட்ட வேண்டும். மூடியின்மேல் இரண்டடி மண் போட்டால் புல் பிடிக்கும். சில்வர் ஓக்கோ தைலமரமோ நட வேண்டாம். பக்கத்து வயல் ஓரத்துப் புல்லையும் ஈத்தையையும் வேரோடு கொண்டுவந்து வைத்தால் போதும். மேட்டுப் பக்கம் ஒரு வடிகால் வெட்டி, சரிவில் வரும் தண்ணீரைக் குழியைச் சுற்றித் திருப்பிவிட வேண்டும். இதை மறந்தால் மற்ற வேலை அத்தனையும் வீண்.

மலைக்குள் படுக்கையாகப் போகும் சுரங்கங்களை மட்டும் சுவர் வைத்து அடைக்கவே கூடாது. 140 ஆண்டுகளாக இருட்டும் ஈரமுமாக இருக்கும் இப்படிப்பட்ட சுரங்கங்களில் பூச்சி தின்னும் வௌவால்கள் குடியேறிவிடும். ஒரு வாயை அடைத்தால் ஒரு கூட்டமே உள்ளே செத்துப்போகும். இரும்புக் கிராதி போடலாம். ஆனால் ஜன்னல் கம்பி போல் நிற்கும் கம்பிகளோ கோழி வலையோ கூடாது. படுக்கை வாட்டத்தில் கம்பிகள், இரண்டுக்கும் நடுவே ஆறங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, 14.5 சென்டிமீட்டர் இடைவெளி. மனிதன் நுழைய முடியாது, வௌவால் இறக்கையை ஒடுக்காமல் பறந்து போகும். குட்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகே வேலை ஆரம்பிக்க வேண்டும். அந்தியில் ஒரு மணி நேரம் வாசலுக்கு எதிரே உட்கார்ந்து வெளியே வருவதை எண்ணினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆள் உள்ளே இருக்கும்போது மூடிவிடும் அபாயமும் உண்டு. ஒரு சுரங்கம் இன்னொன்றோடு உள்ளுக்குள் சேர்ந்திருக்கலாம். மூடுவதற்கு முன் மூன்று நாள் மாலையில் எல்லா வாய்களிலும் சாம்பலைத் தூவிவிட்டு, காலையில் போய்ப் பார்க்க வேண்டும். செருப்புத் தடம் இருந்தால் ஆள் நடமாட்டம். முள்ளம்பன்றி, புனுகுப்பூனைத் தடம் இருந்தால் அவையும் வெளியே போகும்வரை பொறுக்க வேண்டும். எந்தத் தடமும் இல்லாத வாயைத்தான் மறுநாள் மூடலாம்.

குழிக்குள் இறங்கும் ஏழையைப் பிடித்துச் சிறையில் போடுவது கண்துடைப்பு. பாதரசத்தை விற்பவர் யார், பொன் கட்டியை வாங்குபவர் யார், மோட்டாரும் கயிறும் கடன் கொடுப்பவர் யார் என்று போலீசார் மேலே போக வேண்டும். சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஐந்தாண்டுவரை சிறையும், ஹெக்டேருக்கு ஐந்து லட்சம்வரை அபராதமும் சொல்கிறது. கருவியையும் வண்டியையும் பறிமுதல் செய்யவும் வழி தருகிறது. அந்தப் பிரிவு கூடை சுமப்பவரோடு நின்றுவிடக் கூடாது. குழி மூடும் வேலையை வெளியூர் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்காமல் இங்கேயே தேவாலா, பந்தலூர் ஆட்களுக்குக் கூலி வேலையாகக் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. எந்தப் புதருக்குள் எந்தக் குழி, எது எதனோடு சேர்கிறது என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் எவரும் இல்லை. பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து யானைத் தடம் சொல்லத் தெரிந்தவர்களைக் கணக்கெடுப்புக் குழுவில் நாள் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூடலூர் கோட்டாட்சியரைப் பொறுப்பு அதிகாரியாக ஆட்சியர் நியமிக்க வேண்டும். வனம், வருவாய், கனிமம், தீயணைப்பு நான்கும் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். குழிப் பதிவேடு ஒன்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்; நில வழக்கு எந்தப் பக்கம் தீர்ந்தாலும் பதிவேட்டில் குழியின் எண் மாறாது. காலக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டுக்கு முழு பலம் வர 28 நாள் ஆகும்; முதல் இரண்டு வாரம் சாக்குப் போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதக் கோடை மழை குழிக்கு மண்ணை இறக்கும். ஜூன் முதல் வாரம் பருவமழை. ஆகவே ஜனவரியில் கணக்கெடுப்பு தொடங்கி, யானைத் தடத்திலும் பள்ளிப் பாதையிலும் உள்ளவற்றை முதல் பட்டியலாகப் பிரித்து, அவற்றின் கடைசி மூடியை ஏப்ரல் 20-க்குள் வார்த்தாக வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.